பூமிக்கு ஒரு ஸ்கேன்... ராமநாதபுரம் டு தனுஷ்கோடி: மண்ணுக்கடியில் ஒரு பயணம்!

ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடித்தவர்கள் காத்திருப்பது பாம்பன் பாலத்துக்காகத்தான். அதற்கு முன்னால் வரும் நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பனை மரங்கள், சீமைக்கருவேலம், தண்ணீர் கண்டால் மட்டும் கண்மாய் என்று தெரியும் பள்ளங்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

ஆனால், இந்தச் சாலைக்கு அடியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது. மணல் பாறை, களிப்பாறை, மறுபடி மணல் பாறை என்று அடுக்கடுக்காக, கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமையான ஊர். யாரும் போய்ப் பார்த்ததில்லை. சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டுத்தான் அதற்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

உலகம் சூடாவதற்குக் காரணமான கரியமில வாயுவை இப்படிப்பட்ட பாறைகளுக்குள் புதைத்துவிடலாம் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் வலுத்துவருகிறது. புதைத்தது புதைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே எதிரொலி வித்தைதான் உதவுகிறது. அது எப்படி வேலை செய்கிறது, எதையெல்லாம் அதனால் பார்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள ராமநாதபுரம் - தனுஷ்கோடி சாலையைவிடப் பொருத்தமான பாதை தமிழ்நாட்டில் இல்லை. டிக்கெட் எடுத்தாச்சா? புறப்படலாம்!

வழுதூர்: சத்தம் காட்டிக்கொடுத்த வாயு

ராமநாதபுரத்தைத் தாண்டியதுமே முதல் நிறுத்தம் வந்துவிடுகிறது. வழுதூர் எரிவாயு மின் நிலையம். தமிழ்நாடு மின் வாரியத்துக்குச் சொந்தமானது. இரண்டு அலகுகளும் சேர்ந்து சுமார் 187 மெகாவாட் திறன் கொண்டவை. இங்கே எரிவது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த எரிபொருள் அல்ல. இதே மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து ஓ.என்.ஜி.சி எடுக்கும் இயற்கை எரிவாயு.

அந்த வாயு அங்கே இருப்பது எப்படித் தெரிந்தது?

தேங்காய்க் கடையில் நிற்கும் அம்மாக்களைக் கவனித்தால் புரியும். காயைக் காதருகே வைத்து விரலால் ஒரு தட்டு. முற்றலா, இளசா என்று உடைக்காமலே சொல்லிவிடுவார்கள். நில அதிர்வு ஆய்வு என்பதும் அதுதான், தேங்காய்தான் கொஞ்சம் பெரிது.

தரையில் சிறு துளைகள் போட்டு, உள்ளே சிறிய அளவில் வெடிவைப்பார்கள். அல்லது, கனமான தகடு பொருத்திய லாரிகளை நிறுத்தி நிலத்தை அதிரவைப்பார்கள். அந்த அதிர்வு கீழே போகும். ஒரு பாறை அடுக்கு முடிந்து வேறு வகைப் பாறை தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் அதில் ஒரு பங்கு எதிரொலித்து மேலே திரும்பும். வயலிலும் பொட்டலிலும் வரிசையாக நட்டுவைத்திருக்கும் ஜியோபோன் என்ற சிறு கருவிகள் அதைப் பதிவு செய்யும். இரண்டு கிலோமீட்டர் ஆழம் போய்த் திரும்ப இரண்டு விநாடி அளவுதான் ஆகும். இப்படி ஆயிரக்கணக்கான தட்டுகள், லட்சக்கணக்கான எதிரொலிகள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்தால், பூமியைக் கேக் போல வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் கிடைக்கும்.

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி தன் முதல் கிணற்றைத் தோண்டியது 1964-ல், காரைக்காலில். அந்தப் படுகையின் தெற்குக் கடைசிப் பகுதிதான் ராமநாதபுரம். பெரியபட்டினம், காஞ்சிரங்குடி என்று கடலோரக் கிராமங்களின் பெயர்கள் எரிவாயுக் களங்களின் பெயர்களாகவும் மாறியது பின்னாளில் நடந்த கதை.

உச்சிப்புளி: மூடி போட்ட பானை

பஸ் உச்சிப்புளியை நெருங்கும்போது இரு பக்கமும் பனைகள் அடர்த்தியாகின்றன. மேலே மணல். அதற்கும் கீழே?

சுமார் 13 முதல் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்த பெருங்கண்டம் உடையத் தொடங்கியது. அந்த விரிசலில் உருவான பள்ளங்களில் ஆறுகள் மணலையும் களியையும் கொண்டுவந்து கொட்டின. மணல் இறுகி மணல் பாறையானது. பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், அதற்குள் பொடிப் பொடியாகத் துளைகள் உண்டு. தண்ணீரும் வாயுவும் தங்குவது அந்தத் துளைகளில்தான். களி இறுகியது வேறு வகைப் பாறையாக. அதற்குள் எதுவும் எளிதில் நுழைய முடியாது.

மணல் பாறைதான் பானை, களிப்பாறை அதன் மூடி. மூடி சரியாக உட்கார்ந்த இடங்களில் மட்டும் எரிவாயு லட்சக்கணக்கான ஆண்டுகளாக வெளியேறாமல் காத்திருந்தது. மூடியில் ஓட்டை இருந்த இடங்களில் எப்போதோ காற்றோடு கலந்துவிட்டது.

விஞ்ஞானிகளின் யோசனை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இயற்கை எரிவாயுவை இவ்வளவு காலம் அடைத்து வைத்திருந்த பானை, கரியமில வாயுவையும் அடைத்து வைக்காதா? எடுத்த இடத்தில், எரித்ததால் வந்த புகையைத் திருப்பி வைத்தால் என்ன?

வழுதூரையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். எரிவாயு மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக அரை கிலோ கரியமில வாயு வெளியேறும். 187 மெகாவாட்டும் ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஏழெட்டு லட்சம் டன் வரும். நிலக்கரி என்றால் இதைப்போல இரண்டு மடங்கு. தெற்கே தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் திறன் 1,050 மெகாவாட். நாடு முழுவதும் சேர்த்தால், இந்தியா ஆண்டுக்கு 300 கோடி டன் அளவில் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது.

நிதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, இந்திய நிலத்தடியில் தோராயமாக 40,000 கோடி முதல் 60,000 கோடி டன் வரை கரியமில வாயுவைச் சேமிக்க இடம் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ‘இருக்கலாம்’ என்ற சொல் முக்கியம். காகிதத்தில் போட்ட கணக்குக்கும், ஒரு குறிப்பிட்ட ஊரின் கீழே இருக்கும் பாறைக்கும் நடுவே பல ஆண்டு ஆய்வு இருக்கிறது. ராமநாதபுரத்தில் இதுவரை கரியமில வாயு புதைக்கப்படவில்லை.

மண்டபம்: கடல் கொடுக்கும் கணக்கு

மண்டபத்தில் இறங்கினால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. புதைக்க வேண்டும் என்ற யோசனை ஏன் வந்தது என்பதற்குப் பதில் இந்தக் கடலிலேயே இருக்கிறது.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று பெயர் மட்டும் மிச்சம். பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததுதான் அவை மூழ்கியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மிச்சமிருக்கும் பவளங்களுக்குப் புது எதிரி, கடலின் சூடு. 2010-லும் 2016-லும் கடல் வழக்கத்தைவிட அதிகம் சூடேறியபோது, இங்கே பவளங்கள் நிறம் இழந்து வெளுத்தன. 2016-ல் வெளுத்தவற்றில் கணிசமானவை மீளவில்லை. பவளம் போனால் மீன் போகும். மீன் போனால் என்ன ஆகும் என்று மண்டபத்திலோ பாம்பனிலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புகையைப் பிடிக்கும் வேலை பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் ஆலை ஒன்று, தன் நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து அதையே மூலப்பொருளாகப் பயன்படுத்தத் தொடங்கியது 2016-ல். ஆண்டுக்கு 60,000 டன் என்று இலக்கு அறிவிக்கப்பட்டபோது, உலக ஊடகங்கள் தூத்துக்குடியைத் திரும்பிப் பார்த்தன. ஆனால், பிடித்த வாயுவை எல்லாம் சோடா உப்பாக்கிவிட முடியாது. நாட்டின் 300 கோடி டன்னுக்கு முன்னால் 60,000 டன் கடுகளவு. மிச்சத்தை எங்கே வைப்பது? அந்தக் கேள்விதான் எல்லோரையும் நிலத்தடிக்கு அனுப்புகிறது.

கூடவே, மண்டபத்தில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. கடலுக்கடியில் உள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பது எப்படி? கடலில் வெடி கிடையாது. கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் கருவியிலிருந்து அழுத்தப்பட்ட காற்றைப் ‘படார்’ என்று விடுவிப்பார்கள். சில விநாடிகளுக்கு ஒரு முறை, நாள்கணக்கில், வாரக்கணக்கில். கேட்டுத்தான் வாழ்கின்றன டால்பின்களும் திமிங்கிலங்களும். அவற்றுக்கு இது நடுவீட்டில் பட்டாசு. இந்தப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு, கடற்புல் மேயும் சாதுவான விலங்கு. அதற்காகவே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர் - புதுக்கோட்டை கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. கடலைக் காப்பாற்றத்தான் புதைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கடலிலேயே ஓயாமல் சத்தம் போட முடியாது. எங்கே தட்டலாம், எங்கே கூடாது என்ற எல்லை முதலில் வேண்டும்.

பாம்பன்: ரயிலை நிறுத்திய சென்சார்

அடுத்து, எல்லோரும் காத்திருந்த பாலம். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வந்தால், நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல அப்படியே மேலே ஏறும். பஸ்ஸில் இருக்கும் குழந்தைகள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிடுவது இங்கேதான்.

பழைய பாலத்தின் கதையைத்தான் இந்தப் பயணத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1914-ல் திறந்தது. நூறு ஆண்டுக்கு மேல் உப்புக்காற்றைத் தின்ற இரும்பு. அதன் கடைசி ஆண்டுகளில், சென்னை ஐ.ஐ.டி-யின் உதவியோடு சென்சார்களைப் பொருத்தி அதன் அதிர்வுகளைத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். 2022 டிசம்பரில் அந்த சென்சார்கள் எச்சரிக்கை கொடுத்தன. ரயில் நிறுத்தப்பட்டது. அதன்பிறகு பயணிகள் ரயில் அந்தப் பாலத்தில் ஓடவே இல்லை. புதிய பாலம் வரும்வரை மண்டபத்தோடு ரயில் நின்றது. வியாபாரிகளுக்கும் யாத்ரீகர்களுக்கும் பெரும் சிரமம். ஆனால், ஒரு விபத்துகூட இல்லை.

கண்காணிப்பு என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. பாலத்தை ஒரு தடவை சோதித்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனால் அது பரிசோதனை. தினமும் கேட்டுக்கொண்டே இருந்து, சத்தம் மாறியதும் ரயிலை நிறுத்தினால்தான் அது கண்காணிப்பு.

எரிவாயு எடுப்பவருக்கு பூமியைப் பெரும்பாலும் ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். புதைப்பவருக்கு அப்படி இல்லை. அவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம்: இனிக்கும் கிணறும் மிதக்கும் வாயுவும்

ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தங்கள். நாலாபுறமும் உப்புக் கடல் சூழ்ந்த தீவில், கோயில் கிணறுகளில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர்? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுவை என்று யாத்ரீகர்கள் நனைந்த உடையோடு பேசிக்கொண்டே நகர்கிறார்கள். பக்திக்கு அதற்கான விடை உண்டு. மண்ணும் ஒரு விடை சொல்கிறது. மழைநீர் மணலில் இறங்கும். உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைந்தது. அதனால் கீழே இருக்கும் உப்பு நீரின் மேல், நல்ல நீர் ஒரு தட்டு போல மிதந்து நிற்கும். அளவுக்கு மேல் இறைத்தால் அந்தத் தட்டு மெலிந்து, கீழிருந்து உப்பு ஏறிவரும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்ட வீடுகளுக்கு இது தெரிந்த கதை.

எடை குறைந்தது மேலே போகும். கரியமில வாயுவைப் புதைப்பதிலும் முழுச் சிக்கல் இதுதான்.

ஒரு டன் கரியமில வாயு தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவு. அதையே அழுத்தி, சுமார் 800 மீட்டருக்குக் கீழே அனுப்பினால், அங்கிருக்கும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அது வாயுவும் இல்லாத, திரவமும் இல்லாத ஒரு நிலைக்கு வந்துவிடும். அப்போது இரண்டு கன மீட்டருக்குள் அடங்கும். மொட்டை மாடியில் இருக்கும் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி போதும். இவ்வளவு சுருங்கியும், பாறைத் துளைகளில் ஏற்கெனவே இருக்கும் உப்பு நீரைவிட அதன் எடை குறைவு. ஆகவே, மேலே வரப் பார்க்கும். மூடிப்பாறை தடுக்க வேண்டும்.

தடுக்கிறதா என்பதை உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். வட கடலில் ஸ்லைப்னர் என்ற எரிவாயுக் களம். அங்கே கிடைத்த எரிவாயுவில் கரியமில வாயு அதிகம் கலந்திருந்தது. அதைக் காற்றில் விட்டால் நார்வே அரசுக்கு வரி கட்ட வேண்டும். 1996 முதல் அதைப் பிரித்து, கடல் தரைக்குக் கீழே சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த மணல் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில். வழுதூரின் முழு ஆண்டுப் புகைக்கு மேல்!

அவர்கள் செய்த சரியான காரியம் ஒன்று உண்டு. செலுத்துவதற்கு முன்பே, 1994-ல் எடுத்த நில அதிர்வுப் படம் அவர்கள் கையில் இருந்தது. 1999-ல் அதே இடத்தில் மறுபடி தட்டினார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழைய படத்தில் மங்கலாக இருந்த இடத்தில் புதுப் படத்தில் பளிச்சென்று கோடுகள். உப்பு நீர் இருந்த துளைகளில் கரியமில வாயு புகுந்ததும் அதிர்வு அங்கே மெதுவாகச் செல்கிறது, எதிரொலியும் பலமாகிறது. அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது. மணல் பாறைக்குள் இருந்த மெல்லிய களித் தகடுகளில் முட்டி, பரவி, விளிம்பு தேடி, மேலும் ஏறி... கடைசியில் பெரிய மூடிக்குக் கீழே வந்து நின்றுவிட்டது வாயு.

கர்ப்பிணிக்கு மூன்றாம் மாத ஸ்கேன், ஐந்தாம் மாத ஸ்கேன் என்று எடுத்து, வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே, அதே முறைதான். ஸ்லைப்னரில் 2001, 2002, 2004, 2006 என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஸ்கேன் தொடர்ந்தது. நீளம், அகலம், ஆழம் என்ற மூன்றோடு காலமும் சேர்ந்துகொள்வதால் இதை 4டி நில அதிர்வு ஆய்வு என்கிறார்கள்.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடுமா? காட்டாது. சில மீட்டர் கனமே உள்ள மெல்லிய வாயுத் திட்டுகள் படத்தில் தப்பிவிடலாம். தண்ணீரில் கரைந்துவிட்ட கரியமில வாயு கண்ணில் படாது. மூடிப்பாறையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் அதுவும் தெரியாது. அதனால்தான் கிணற்றுக்குள் அழுத்தமானி, நிலத்தடி நீர்ப் பரிசோதனை, மண்ணில் இருக்கும் வாயுவின் அளவு, செயற்கைக்கோள் என்று பல காவலர்களைச் சேர்த்து நிறுத்துகிறார்கள்.

ஒரு காவலர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்ததற்கு அல்ஜீரியாவில் உதாரணம் இருக்கிறது. சஹாரா பாலைவனத்தில் இன் சலா என்ற எரிவாயுக் களத்தில் 2004 முதல் கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். செலுத்தும் கிணறுகளுக்கு மேலே இருந்த தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதை விண்வெளியிலிருந்து செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. நில அதிர்வுத் தரவுகளை மறுபடி அலசியபோது, மூடிப்பாறையின் கீழ்ப்பகுதியில் விரிசல் நீண்டிருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. வாயு மேலே கசிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும், 2011-ல் செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை உள்ளே போயிருந்தது சுமார் 38 லட்சம் டன். பாம்பனில் ரயிலை நிறுத்தியது போலத்தான் இதுவும்.

தனுஷ்கோடி: எச்சரிக்கை வராத இரவு

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இப்போது நல்ல தார்ச்சாலை. 2017-ல் திறக்கப்பட்டது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் எலும்புக்கூடு, இரு பக்கமும் கடல். 1964 டிசம்பர் 22 இரவு, புயலும் பேரலையும் இந்த ஊரை ஒரே இரவில் அழித்தன. ஊரை நோக்கி வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு கடலுக்குப் போனது. காரைக்காலில் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று கிணறு தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு. கண்ணுக்கு முன்னால் கடலில் உருவாகிக்கொண்டிருந்த புயலைப் பற்றி இங்கே இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை.

அரிச்சல்முனையில் நின்றால் எதிரே இலங்கையின் மன்னார். அந்தப் பக்கமும் இதே பாறைகள், இதே தேடல். 1970-களில் மன்னார் தீவின் பேசாலையில் எண்ணெய்க்காகக் கிணறுகள் தோண்டினார்கள். 2011-ல் இலங்கைக் கடற்பகுதியின் ஆழத்தில் எரிவாயு இருப்பது தெரியவந்தது. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் உண்டு. கீழே இருக்கும் பாறைக்கு அது தெரியாது. நாளை இங்கே எதைப் புதைத்தாலும், அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

இந்தக் கரையில், மண்ணுக்கடியில் நடப்பவை பற்றிய பேச்சு ஏற்கெனவே சூடானது. 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராட்டக் களங்களாயின. 2020-ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. ராமநாதபுரம் அதற்குள் வரவில்லை. 2025 ஆகஸ்டில், மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி-க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்திருந்த செய்தி வெளியானது. விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை என்றும், அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாகவும் அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார்.

அந்தக் கோபத்தில் பயம் மட்டும் இல்லை. கண்மாய்த் தண்ணீரையும் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயையும் நம்பி வாழும் மக்கள், தங்கள் காலடியில் என்ன நடக்கிறது என்பதை முடிவெடுத்த பிறகு செய்தித்தாளில் படிக்க வேண்டியிருப்பதன் வலியும் அதில் இருக்கிறது. கரியமில வாயுவைப் புதைக்கும் பேச்சு என்றாவது இந்தப் பக்கம் வந்தால், அதுவும் இதே நம்பிக்கையின்மையைத்தான் முதலில் சந்திக்கும்.

சந்திக்கவும் வேண்டும். ஏனென்றால், கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. திடீரென்று பெருமளவில் கசிந்தால் மேலே போகாமல் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும், நிறமில்லாமல். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே, கரியமில வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் உடைந்தது. கார் இன்ஜின்கள் அணைந்து நின்றன, மக்கள் மயங்கினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிரிழப்பு இல்லை. உடைந்தது பாறை அல்ல, குழாய். ஆனால், பாறைக்குப் போக வாயு குழாய் வழியாகத்தானே வர வேண்டும்?

அதனால், அப்படி ஒரு நாள் வந்தால் கிராம சபையில் கேட்க வேண்டியவை சில உண்டு. புதைப்பதற்கு முன் முதல் ஸ்கேன் எடுத்தாயிற்றா? முதல் படம் இல்லாமல் பிறகு எத்தனை படம் எடுத்தாலும் ஒப்பிட எதுவும் இருக்காது. அடுத்த ஸ்கேன் எப்போது? புதைத்து முடித்து நிறுவனம் கிளம்பிய பிறகு, எத்தனை ஆண்டுகள் யார் செலவில் கண்காணிப்பு தொடரும்? எங்கள் கிணற்றுத் தண்ணீரை யார் சோதிப்பார்கள்? அளவுகள் எந்த எல்லையைத் தாண்டினால் செலுத்துவதை நிறுத்துவீர்கள்? அந்த முடிவை யார் எடுப்பார்? இவை எல்லாவற்றையும் விட, அந்தப் படங்களை எங்களுக்கும் காட்டுவீர்களா, தமிழில்?

கடைசிக் கேள்வி பேராசை இல்லை. ஸ்லைப்னரின் நில அதிர்வுத் தரவுகள் இன்று இணையத்தில் பொதுவில் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவிகூட அவற்றைத் தரவிறக்கி, வட கடலுக்கடியில் கரியமில வாயு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அவளுடைய ஊருக்கடியில் இருப்பதையும் அதேபோல அவள் பார்க்க முடிய வேண்டும்.

ராமேஸ்வரம் திரும்பும் பஸ்ஸில் கூட்டம் அதிகம் இருக்கும். ஆனாலும், போகும்போது தூங்கிவிட்டவர்கள் திரும்பும்போது உச்சிப்புளி தாண்டி, பனைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் கீழே யோசித்துப் பார்க்கலாம்!